எம்டன் கப்பலின் கேப்டன் வான் முல்லர்

கண்டிப்பான தகப்பனாரை, யாரும் எதிர்பாராத நேரத்தில் வந்து நிற்கும் மேலதிகாரியை, காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடும் ஆசாமியை எம்டன் என்று சொல்வது தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம். பிழைப்புக்காக வெளி மாநிலங்களுக்கு வந்த தமிழர்கள் இந்தச் சொல்லையும் கூடவே கொண்டு வந்திருக்கிறார்கள். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்பது பலருக்குத் தெரியும். 1914-ல் அந்தக் கப்பல் சென்னை மீது குண்டு வீசியதும் தெரியும். ஆனால் அந்தக் கப்பலை நடத்திய மனிதர் யார், எப்படிப்பட்டவர், பின்னால் என்ன ஆனார் என்பதை அறிந்தவர்கள் அதிகம் இல்லை.

அவர் பெயர் கார்ல் வான் முல்லர். எம்டன் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் உருவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. அதிகம் பேசாதவர்; கூச்ச சுபாவம் உள்ளவர்; உடம்பில் எப்போதும் மலேரியாக் காய்ச்சல் குடியிருந்தவர்.

ராணுவக் குடும்பம்

ஜெர்மனியில் ஹனோவர் நகரில் 1873-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி முல்லர் பிறந்தார். தந்தை பிரஷ்ய ராணுவத்தில் கர்னல். ஹனோவரிலும் கீல் துறைமுக நகரிலும் பள்ளிப் படிப்பு. பிறகு புளோன் என்ற ஊரில் ராணுவப் பள்ளி. தகப்பனாரைப் போல் தரைப்படைக்குப் போகாமல் 1891-ல் கடற்படையில் சேர்ந்தார்.

பயிற்சிக் கப்பல்களில் அமெரிக்கக் கண்டம் வரை போய் வந்த பின், பழைய இரும்புக் கவசக் கப்பல் ஒன்றில் சமிக்ஞை அதிகாரியாக வேலை கிடைத்தது. அடுத்து ஷ்வால்பே என்ற சிறிய கப்பலில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். இன்றைய டான்சானியாவின் பெரும்பகுதி அன்று ஜெர்மனியின் வசம் இருந்தது. அங்கேதான் மலேரியா அவரைப் பிடித்தது. அது கடைசி வரை விடவில்லை.

1900-ல் ஊர் திரும்பினார். கரையில் கொஞ்ச நாள், பிறகு பெரிய போர்க்கப்பலில் பீரங்கி அதிகாரி, பிறகு கைசரின் தம்பி ஹென்றி இளவரசரின் அலுவலகம், பிறகு பெர்லினில் கடற்படைத் தலைமை அலுவலகம் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். பதவி உயர்வில் அவசரம் எதுவும் தெரியவில்லை. ஜெர்மன் கடற்படையை உருவாக்கிய டிர்பிட்ஸ் அவருடைய வேலையைக் கவனித்து வந்தார். 1913-ம் ஆண்டு, நாற்பது வயதை நெருங்கும்போது, முல்லருக்குத் தனிக் கப்பல் கிடைத்தது. அதுதான் எம்டன்.

கிழக்கின் அன்னம்

எம்டன் பெரிய கப்பல் அல்ல. குரூசர் என்னும் ரகத்தில் சிறியது. நீளம் 118 மீட்டர். பத்துப் பீரங்கிகள், ஒவ்வொன்றின் வாயும் பத்தரை சென்டிமீட்டர். ஜெர்மனியில் எம்ஸ் நதிக் கரையில் உள்ள ஒரு ஊரின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். 1908-ல் டான்சிக் நகரில் கடலில் இறக்கப்பட்ட அந்தக் கப்பலுக்கு, வெள்ளை வண்ணமும் ஒய்யாரமான வடிவமும் இருந்ததால், கிழக்கின் அன்னம் என்று செல்லப்பெயர்.

அதில் டர்பைன் கிடையாது. பழைய மாதிரி நீராவி என்ஜின். பன்னிரண்டு பாய்லர்களுக்கும் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீராவி ரயில் என்ஜின் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: கரி இருந்தால் ஓட்டம், இல்லாவிட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். முல்லரின் பின்னாளைய சாகசங்கள் அத்தனைக்கும் பின்னால் இந்தக் கரிப் பிரச்சினை இருந்தது.

சீனாவின் சிங்டாவ் துறைமுகம் அப்போது ஜெர்மன் வசம். எம்டன் அங்கேதான் இருந்தது. 1913-ல் சீனாவில் கிளர்ச்சி நடந்தபோது யாங்சி நதியில் கிளர்ச்சிக்காரர்களின் கோட்டைகள் மீது முல்லர் பீரங்கிப் பிரயோகம் செய்தார். அதற்காக விருதும் கொடுத்தார்கள். அந்நிய நாட்டு நதிக்குள் கப்பலைக் கொண்டுபோய்ச் சுடுவது அன்றைய ஐரோப்பிய அரசுகளுக்கு அன்றாட விஷயம். முல்லரும் அந்தக் காலத்து மனிதர்தான்.

தனி வழி

1914-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி மாலை, யுத்தம் வரப்போகிறது என்று தெரிந்ததும், துறைமுகத்தில் அடைபட்டுவிடக்கூடாது என்பதற்காக முல்லர் கப்பலைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டார். ஆகஸ்ட் 4-ந் தேதி ரியாசான் என்ற ருஷ்ய நாட்டுக் கப்பலைப் பிடித்தார். அந்த யுத்தத்தில் ஜெர்மன் கடற்படை பிடித்த முதல் கப்பல் அதுதான்.

பசிபிக் கடலில் பாகன் என்ற தீவருகே ஜெர்மனியின் கிழக்காசியக் கப்பல் அணி முழுவதும் ஒன்றுகூடியது. அணித் தலைவர் அட்மிரல் ஸ்பீ. எல்லாக் கப்பல்களும் தென் அமெரிக்காவை நோக்கிப் போகலாம் என்பது அவர் யோசனை. முல்லர் மட்டும் வேறு யோசனை சொன்னார். இந்தியப் பெருங்கடலில் ஆங்கிலேயர்களின் வியாபாரக் கப்பல்கள் பயமின்றிப் போய் வருகின்றன. ஒரு சிறிய கப்பலை அங்கே அனுப்பினால் பெரிய அளவில் நஷ்டம் உண்டாக்கலாம் என்றார். ஸ்பீ ஒப்புக்கொண்டார். எம்டன் தனியாகப் பிரிந்தது. துணைக்கு மார்கோமானியா என்ற கரிக் கப்பல் ஒன்று மட்டும்.

அங்கே நட்புத் துறைமுகம் ஒன்று கூடக் கிடையாது. கப்பல் பழுதானால் ஒதுங்க இடமில்லை. கரி தீர்ந்தால் எதிரியிடம் பிடுங்கித்தான் ஓட வேண்டும். எப்படியும் சில வாரங்களில் பிடிபட்டுவிடுவோம் என்பது முல்லருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

போகும் வழியில் முதன்மை அதிகாரி முக்கே ஒரு தந்திரம் செய்தார். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். பிரிட்டனின் யார்மவுத் கப்பலுக்கு நான்கு. மரச் சட்டத்திலும் கித்தான் துணியிலும் நான்காவது புகைபோக்கி ஒன்றைச் செய்து நிறுத்தினார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பிரிட்டிஷ் கப்பலாகவே தெரிந்தது.

வங்கக் கடலில்

செப்டம்பர் 10-ந் தேதி வேட்டை ஆரம்பமாயிற்று. முதலில் சிக்கியது பொன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பல். அதில் ஆங்கிலேயருக்கான வங்காளக் கரி இருந்தது. புகையும் சாம்பலும் அதிகம் தரும் மட்டமான கரி. ஆனாலும் அந்த நேரத்தில் அது தங்கம். அந்தக் கப்பலை மூழ்கடிக்காமல் கூடவே இழுத்துக்கொண்டார்கள்.

அன்றே இண்டஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலும் அகப்பட்டது. குதிரைப் படையை ஏற்றுவதற்காகப் பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. எம்டனில் அப்போது பெரும் பஞ்சம் சோப்புக்கு. கரியில் புரண்ட முந்நூற்றுச் சொச்சம் பேர் குளிக்கச் சோப்பில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். இண்டஸில் பெட்டி பெட்டியாகச் சோப்பு கிடைத்தது. வேண்டியதை எடுத்துக்கொண்டு கப்பலை மூழ்கடித்தார்கள்.

அடுத்தடுத்து லோவாட், கில்லின், டிப்ளோமேட், டிராபோக், கிளான் மாத்தசன் என்று கப்பல்கள் மூழ்கின. டிப்ளோமேட்டில் லண்டனுக்குப் போன தேயிலை. கிளான் மாத்தசனில் கல்கத்தாவுக்கு வந்துகொண்டிருந்த மோட்டார் கார்களும் ரயில் என்ஜின்களும் பந்தயக் குதிரைகளும். தண்டவாளத்தைப் பார்க்காமலே அந்த என்ஜின்கள் வங்கக் கடலின் அடிக்குப் போயின. குதிரைகள் தண்ணீரில் தவித்துச் சாகக்கூடாது என்று முதலில் அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள்.

முல்லரின் வழிமுறை ஒன்றே. கப்பலை நிறுத்தச் சொல்வார். அதில் உள்ளவர்களைச் சாமான்களுடன் இறங்க அவகாசம் கொடுப்பார். எல்லாரும் பத்திரமாக இறங்கிய பிறகே கப்பலை மூழ்கடிப்பார். இறங்கியவர்களை எல்லாம் பிடிபட்ட கப்பல் ஒன்றில் ஏற்றிக் கூடவே கொண்டுபோவார். ஜெர்மன் மாலுமிகள் அந்தக் கப்பலுக்குக் கந்தல் பொறுக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். கூட்டம் சேர்ந்ததும் அதை விடுதலை செய்து கரைக்கு அனுப்பிவிடுவார்.

முதல் கந்தல் பொறுக்கி கபிங்கா என்ற கப்பல். அதன் கேப்டன் தன் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பிரயாணம் செய்தவர். சரக்கும் அமெரிக்கர்களுக்குச் சொந்தமானது. அதை மூழ்கடிக்க முல்லருக்கு மனம் இல்லை. பிடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு கபிங்கா புறப்பட்டபோது, அதிலிருந்தவர்கள் தங்கள் கப்பல்களை மூழ்கடித்த எம்டனைப் பார்த்து மூன்று முறை ஜே போட்டார்கள் என்பது சரித்திரம்.

அந்த வியாபாரக் கப்பல்களில் அடுப்பில் கரி போட்டவர்களும் தளம் கழுவியவர்களும் பெரும்பாலும் நம் நாட்டு லாஸ்கர்கள். எங்கோ கைசருக்கும் ஜார்ஜ் மன்னருக்கும் நடந்த சண்டையில், கூலிக்கு வந்த இவர்கள் உயிர் தப்பினார்கள் என்றால் அதற்கு முல்லர் வகுத்துக்கொண்ட இந்த ஒழுங்கே காரணம்.

இத்தாலியக் கப்பல் ஒன்று கல்கத்தாவுக்குத் தகவல் கொண்டுபோன பிறகுதான் ஆங்கிலேயர்களுக்கு விஷயம் விளங்கியது. வங்கக் கடலில் கப்பல் போக்குவரத்து நின்றுபோயிற்று. சரக்குகள் துறைமுகங்களில் தேங்கின. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது.

சென்னையில் அந்த இரவு

செப்டம்பர் 22. இரவு சுமார் ஒன்பதரை மணி. சென்னைத் துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்தில்தான் அந்நாளில் கலங்கரை விளக்கம். அதுவும் வழக்கம்போல் வெளிச்சம் வீசிக்கொண்டிருந்தது. யுத்தம் ஐரோப்பாவில் அல்லவா நடக்கிறது என்ற நினைப்பு.

எம்டன் சத்தமில்லாமல் சுமார் மூவாயிரம் கெஜ தூரம் வரை நெருங்கியது. திடீரென்று சர்ச் லைட்டைப் போட்டு, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைப் பார்த்துச் சுட்டது. இரண்டு தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. வேறு சிலவும் சேதமாயின. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சுமார் 130 குண்டுகள். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் ஒன்று கூட எம்டன் மேல் படவில்லை. வடக்கே போவதுபோல் போக்குக் காட்டி விளக்கை அணைத்துவிட்டுத் தெற்கே திரும்பி மறைந்தது எம்டன். எரியும் எண்ணெயின் செந்நிறம் வெகு தூரம் வரை கடலில் தெரிந்தது.

குறி தவறும் குண்டுகள் ஊருக்குள் விழாதபடி முல்லர் கப்பலை நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று அவருடைய அதிகாரிகள் பின்னால் எழுதினார்கள். அப்படியும் ஒரு குண்டு உயர் நீதிமன்ற மதிலில் விழுந்தது. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வியாபாரக் கப்பலிலும் குண்டு பட்டது. குறைந்தது ஐந்து பேர் இறந்தனர். முல்லரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் வியாபாரக் கப்பல்களில் ஒரு உயிரும் போகவில்லை என்று எழுதிவிட்டு, இந்த இடத்தைச் சுருக்கமாகத் தாண்டிவிடுவார்கள். சென்னையில் செத்தவர்களுக்கு இறங்க அவகாசம் கொடுக்கப்படவில்லை.

எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்துவது மட்டும் முல்லரின் நோக்கம் அல்ல. வெள்ளைக்கார ஆட்சிக்கு இந்தியாவில் இருந்த மதிப்பைக் குலைக்க வேண்டும் என்பதும் ஒரு நோக்கம். அது பலித்தது. சூரியன் மறையாத சாம்ராஜ்யத்தின் கோட்டை வாசலில் ஒரு சிறு கப்பல் வந்து சுட்டுவிட்டுத் தப்பிப் போய்விட்டதே என்று ஜனங்கள் வியந்தார்கள். அதைவிட அதிகமாகப் பயந்தார்கள். மூட்டை முடிச்சுகளுடன் ஊரைக் காலி செய்தவர்கள் ஆயிரக்கணக்கில். ரயில் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. எம்டன் மறுபடி வரப்போகிறது என்ற வதந்தி நெடுநாள் ஓயவில்லை.

எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், சென்னையில் எங்கே சுடுவது என்று அவரே வழி காட்டினார் என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கிறது. திருவனந்தபுரத்தில் பிறந்த அந்தத் தமிழ் வீரர் ஜெர்மனியில் இருந்து இந்திய விடுதலைக்குப் பாடுபட்டவர் என்பது உண்மை. ஆனால் 1914-ன் நடுவில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்தார்; அங்கிருந்துதான் பெர்லினுக்குப் போனார். எம்டனோ ஜூலை மாதமே சீனாவிலிருந்து புறப்பட்டுவிட்டது. கப்பலில் இருந்தவர்கள் எழுதிய நூல்களிலும் அவர் பெயர் வருவதில்லை. செண்பகராமனின் பெருமைக்கு இந்தக் கதை தேவையும் இல்லை.

யுத்தம் தெரியாத தீவு

சென்னையை விட்ட எம்டன் இலங்கையைச் சுற்றி வந்து மேலும் கப்பல்களைப் பிடித்தது. பியூரஸ்க் என்ற கப்பலில் பிரிட்டிஷ் கடற்படைக்கென்றே போய்க்கொண்டிருந்த உயர்தரமான வேல்ஸ் கரி கிடைத்தது. எதிரியின் கரியில் எதிரியை ஓட ஓட விரட்டும் வாய்ப்பு.

நடுக்கடலில் கரி ஏற்றுவது சாதாரண வேலை அல்ல. அலையில் ஆடும் இரண்டு கப்பல்களை ஒன்றோடொன்று கட்டி, மூட்டை மூட்டையாக மாற்ற வேண்டும். வெயிலும் கரித் தூளும் ஆளைக் கொல்லும். அந்த நேரத்தில் கப்பலின் பாண்டு வாத்தியக் குழுவை முல்லர் வாசிக்கச் சொல்வார். தளத்தில் பன்றிகளும் கோழிகளும் வாத்துகளும் திரிந்தன. அவரோ தம் அறைக்கு அதிகம் போவதில்லை. மேல்தளத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கடல் வரைபடங்களைப் புரட்டிக்கொண்டு, தூக்கமும் அங்கேயே.

அக்டோபர் 9-ந் தேதி டீகோ கார்சியா தீவுக்குப் போனார்கள். தேங்காய் எண்ணெய் எடுப்பதுதான் அங்கே தொழில். எப்போதோ ஒரு முறைதான் கப்பல் வரும். ஐரோப்பாவில் யுத்தம் மூண்ட செய்தியே தீவுக்கு எட்டவில்லை. பிரிட்டிஷ் தீவில் இருந்தவர்கள் ஜெர்மன் கப்பலை வரவேற்று உபசரித்தார்கள். முல்லர் யுத்தத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. கப்பலின் அடியில் படிந்த பாசியைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டார். தீவின் பழுதான மோட்டார்ப் படகைத் தம் ஆட்களைக் கொண்டு சரி செய்து கொடுத்தார். எதிரியை ஏமாற்றியதற்குக் கூலியாக அவனுக்கு ஒரு ரிப்பேர் வேலை!

பிறகு மினிக்காய் தீவுப் பக்கம் ஏழு கப்பல்கள் அகப்பட்டன. அவற்றில் ஒன்று டாஸ்மேனியாவுக்குப் போன தூர்வாரும் கப்பல். ஒரு கப்பலில் பிடிபட்டவர்களை ஏற்றிக் கொச்சிக்கு அனுப்பிவைத்தார். இதற்கிடையில் யார்மவுத் வேஷத்தில் இருந்த எம்டனின் துணைக்கப்பல் மார்கோமானியாவை நிஜ யார்மவுத் கப்பலே சுமத்திரா அருகில் கண்டுபிடித்து மூழ்கடித்துவிட்டது.

பினாங்கு

இதுவரை ஆயுதமில்லாத கப்பல்கள். அக்டோபர் 28-ந் தேதி விடியற்காலையில் முல்லர் போர்க்கப்பல்களைத் தேடி மலேயாவின் பினாங்கு துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்தார். நான்காவது புகைபோக்கி நிமிர்ந்து நின்றது. கடைசி நிமிஷத்தில் ஜெர்மன் கொடி ஏறியது.

உள்ளே ஜெம்சுக் என்ற ருஷ்யக் குரூசர் நங்கூரம் போட்டிருந்தது. அதன் கேப்டன் கரையில் ஓட்டலில் தங்கியிருந்தார். காவல் சரியில்லை, கப்பல் தயார் நிலையில் இல்லை. இரண்டு டார்பிடோக்கள் பாய்ந்ததும் ஜெம்சுக் பிளந்து மூழ்கியது. எண்பதுக்கும் மேற்பட்ட ருஷ்ய மாலுமிகள் இறந்தனர். கேப்டன் பின்னர் ராணுவ விசாரணையில் தண்டிக்கப்பட்டார்.

திரும்பும் வழியில் ஆயுதமற்ற சிறு படகு ஒன்றைப் போர்ப் படகு என்று நினைத்து எம்டன் சுட்டுவிட்டது. அடுத்துப் பிடித்த வியாபாரக் கப்பலின் மூலமாக அதற்கு மன்னிப்புக் கேட்டு அனுப்பினார் முல்லர். அந்த வியாபாரக் கப்பலையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. ஏனென்றால் மூஸ்கே என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் வந்துகொண்டிருந்தது. சில நிமிஷங்களில் அதுவும் மூழ்கியது. தண்ணீரில் தத்தளித்த 36 பிரெஞ்சுக்காரர்களை எம்டன் தூக்கிக் காப்பாற்றியது. காயத்தினால் இறந்தவர்களுக்கு பிரெஞ்சுக் கொடி போர்த்தி முழு மரியாதையுடன் கடல் அடக்கம் செய்தார்கள். மற்றவர்களை அடுத்து அகப்பட்ட பிரிட்டிஷ் கப்பலில் ஏற்றி டச்சுக்காரர்களின் சபாங் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். அதற்காகவே அந்தக் கப்பல் தப்பியது.

கோகோஸ் தீவில் முடிவு

இந்தியப் பெருங்கடலின் நடுவே கோகோஸ் தீவுகள். இந்தியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா ஆகியவற்றை இணைத்த தந்திக் கம்பிகளுக்கு அங்கே ஒரு நிலையம். வயர்லெஸ் கோபுரமும் இருந்தது. அதை அழித்தால் ஆங்கிலேயரின் செய்தித் தொடர்பு துண்டாகும். நவம்பர் 9-ந் தேதி காலை முக்கே தலைமையில் ஐம்பது பேரைக் கரைக்கு அனுப்பினார் முல்லர்.

நிலையத்து ஊழியர்கள் எதிர்த்துச் சண்டை போடவில்லை. ஆனால் ஜெர்மானியர் கால் வைப்பதற்கு முன்பே, அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று வயர்லெஸில் செய்தியைத் தட்டிவிட்டார்கள். அவர்கள் ஆயுதம் அதுதான். கோபுரம் விழும்போது தங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டார்கள். அப்படியே செய்தும் கொடுத்தார்கள் ஜெர்மானியர்.

ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் துருப்புகளை ஏற்றிய பெரும் கப்பல் அணி ஒன்று சுமார் ஐம்பது மைல் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது முல்லருக்குத் தெரியாது. காவலுக்கு வந்த சிட்னி என்ற ஆஸ்திரேலியக் குரூசர் அணியை விட்டுப் பிரிந்து கோகோஸை நோக்கி விரைந்தது. அடிவானத்தில் புகை தெரிந்தபோது, தமக்குக் கரி கொண்டுவரும் பியூரஸ்க் வருகிறது என்று எம்டனில் நினைத்தார்கள். உண்மை தெரிந்தபோது, கரைக்குப் போனவர்களுக்காகக் காத்திருக்க நேரமில்லை. ஐம்பது பேரை விட்டுவிட்டுச் சண்டைக்குப் புறப்பட்டார் முல்லர்.

எம்டன் முதலில் சுட்டது, குறியும் தவறவில்லை. ஆனால் சிட்னியின் பீரங்கிகள் பெரியவை; வேகமும் அதிகம். எம்டனின் குண்டுகள் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு அது அடித்தது. புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒன்றரை மணி நேரத்தில் சுடும் பீரங்கி இல்லை. ஓடும் சக்தியும் குறைந்துவிட்டது. உயிரோடு இருப்பவர்களையாவது காப்பாற்ற வேண்டும் என்று முல்லர் கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பவளப் பாறையில் மோதி நிறுத்தினார்.

சிட்னி பியூரஸ்க்கைத் துரத்திப் போய்விட்டு மாலையில் திரும்பியது. எம்டனில் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. சரணடையச் சொன்ன சமிக்ஞைக்குப் பதில் இல்லை. சமிக்ஞைப் புத்தகங்களை ஏற்கெனவே அழித்துவிட்டார்கள். சிட்னி மறுபடி சுட்டது. மேலும் சிலர் இறந்தனர். அதன் பிறகே முல்லர் கொடியை இறக்கச் சொன்னார். அந்தக் கொடியை இன்னும் சற்று முன்னால் இறக்கியிருந்தால் அந்தச் சில உயிர்கள் தப்பியிருக்கும். பிறர் கப்பலில் ஒரு உயிர் போகக்கூடாது என்று பார்த்தவர் சொந்த ஆட்கள் விஷயத்தில் அந்த மாலையில் தாமதித்துவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

எம்டனில் மாண்டவர்கள் நூற்று முப்பதுக்கும் அதிகம். சிட்னியில் நால்வர். குடிதண்ணீர் இல்லாமல் காயம்பட்டவர்கள் ஒரு இரவு முழுவதும் அந்த இரும்புக் குவியலில் கிடந்தார்கள். மறுநாள்தான் சிட்னியில் ஏற்றினார்கள். முல்லரும் மற்ற அதிகாரிகளும் தங்கள் வாளை வைத்துக்கொள்ளலாம் என்று லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. கொழும்புத் துறைமுகத்தில் சிட்னி நுழையும்போது, காயம்பட்ட எதிரிகள் இருப்பதால் யாரும் ஆரவாரம் செய்ய வேண்டாம் என்று அதன் கேப்டன் கிளாசப் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். துருப்புக் கப்பல்களில் இருந்த வீரர்கள் அமைதியாக நின்றார்கள்.

கரையில் விடப்பட்ட ஐம்பது பேர் ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலில் தப்பி, சுமத்திரா வழியாக அரேபியா போய், பாலைவனத்தில் சண்டையிட்டு, 1915 மே மாதம் கான்ஸ்டான்டினோபிள் சேர்ந்த கதை தனி இதிகாசம்.

கைதியாக நான்கு ஆண்டு

முல்லரை மால்டா தீவில் சிறை வைத்தார்கள். 1916-ல் இங்கிலாந்துக்கு மாற்றினார்கள். நாட்டிங்காம் அருகே ஒரு விவசாயக் கல்லூரிக் கட்டடம் அதிகாரிகளுக்கான சிறையாக இருந்தது. 1917 செப்டம்பரில் அங்கிருந்து சுரங்கம் தோண்டி, இருபது பேருக்கு மேல் கூட்டிக்கொண்டு வெளியேறினார். எல்லாரும் பிடிபட்டார்கள். இங்கிலாந்தின் குளிரில் மலேரியா முற்றியது. 1918 ஜனவரியில் சிகிச்சைக்காக நடுநிலை நாடான ஹாலந்துக்கு அனுப்பினார்கள். ஜெர்மனியின் உயர்ந்த வீர விருது அந்த ஆண்டு மார்ச் மாதம் அவருக்கு வழங்கப்பட்டது. அக்டோபரில் ஊர் திரும்பினார். அடுத்த மாதம் ஜெர்மனி தோற்றது; கைசர் முடி துறந்தார்; அவர் சேவை செய்த கடற்படையும் இல்லாமல் போயிற்று. அட்மிரல் ஸ்பீயும் அவருடைய பெரும்பாலான கப்பல்களும் 1914 டிசம்பரிலேயே பாக்லண்ட் தீவருகே மூழ்கிவிட்டிருந்தார்கள். எம்டன் பிரியாமல் கூடப் போயிருந்தால் அதற்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கும்.

1919-ல் உடல்நிலை காரணமாக ஓய்வு பெற்று, ஹார்ஸ் மலைப் பகுதியில் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் குடியேறினார். 1920-ல் கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள். பிரன்ஸ்விக் மாநிலச் சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவருடைய அதிகாரி முக்கே எழுதிய புத்தகங்கள் அமோகமாக விற்றன. முல்லரையும் எழுதச் சொல்லிப் பலர் கேட்டார்கள். யுத்தத்துக்குப் பின் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் விழுந்துகொண்டிருந்த ஜெர்மனியில், ஓய்வு பெற்ற ஒரு நோயாளிக்கு அந்த வருமானம் உதவியிருக்கும். அவர் மறுத்துவிட்டார். தோழர்கள் சிந்திய ரத்தத்தைக் காசாக்குகிறோம் என்ற நினைப்பு எழுத விடாது என்பதே அவர் சொன்ன காரணம்.

1923-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி முல்லர் காலமானார். வயது ஐம்பது கூட நிறையவில்லை. எம்டனில் உயிர் பிழைத்தவர்கள் தங்கள் குடும்பப் பெயருடன் எம்டன் என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மன் அரசு அனுமதி கொடுத்தது; அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் அந்தப் பெயர் இறங்கி வந்தது. பாறையில் கிடந்த கப்பலின் எலும்புக்கூட்டை 1950-களில் ஜப்பானியக் கம்பெனி ஒன்று உடைத்துப் பழைய இரும்பாக எடுத்துப் போயிற்று. ஒரு பீரங்கி சிட்னி நகரப் பூங்காவில் நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில், குண்டு விழுந்த இடத்தில், தேதி பொறித்த ஒரு சிறு கல் பதித்திருக்கிறார்கள். பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம்.